மூன்றாவது வரிசைச் சிரிப்பு

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் சேனாபதியை எல்லாரும் மதிக்கிறார்கள். அதுதான் அவருக்கு வந்த கேடு.

எழுபது தாண்டிய வயது, வெள்ளைத் தாடி, கழுத்தில் எந்நேரமும் ஒரு சிவப்பு மஃப்ளர். ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறிக் கடைக்குள் நுழைந்தால் முன்பின் தெரியாத யாராவது ஓடிவந்து கையிலிருக்கும் பையை வாங்கிக்கொள்கிறார்கள். விருந்துக்குப் போனால் சோபாவில் நடு இடம், முதல் தட்டு, காரம் குறைத்த குழம்பு. அவர் வாயைத் திறந்து எவ்வளவு விவகாரமான பேச்சைப் பேசினாலும் "சூப்பர் அங்கிள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வீட்டு விலையைப் பற்றிப் பேசப் போய்விடுகிறார்கள். ஒருமுறை பிரிட்ஜ்வாட்டர் கோயிலில், "சாமியவிட கேன்டீனுக்குக் கூட்டம் ஜாஸ்தி. பேசாம பெருமாளே வந்து தோசை ஊத்தினா வேலை முடிஞ்சுது" என்று வரிசையில் நின்றபடியே சத்தமாகச் சொன்னார். முன்னால் நின்ற பெண்மணி திரும்பிப் பார்த்து, "அங்கிள், நீங்க முன்னாடி போங்க, கால் வலிக்கும்" என்று இடம் விட்டார்.

பாரிஸில் இதே பேச்சுக்குக் குறைந்தபட்சம் ஒரு சண்டையாவது கிடைத்திருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேல் அங்கே மேடையேறியவர் அவர். பிரெஞ்சுக்காரர்களின் பெரிய மனிதர்களை பிரெஞ்சிலேயே கிழித்துத் தொங்கவிட்டு, கைதட்டலும் வசவும் கலந்து வாங்கியவர். அப்படிப்பட்டவர் மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பிறந்தது புதுச்சேரியில், ஒரு சொல்தா வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் வீடுகளுக்கு அங்கே அதுதான் பெயர். பென்ஷன் இருந்தது, பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது, சிரிப்புதான் கிடையாது. அப்பா சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கூட அணிவகுப்பு நடை நடப்பார். அவருக்குப் பின்னாலேயே சேனாபதி இல்லாத மீசையை முறுக்கிக்கொண்டு நடக்க, அக்காமார் இருவரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் அப்பா சட்டென்று திரும்பிவிட்டார். அன்று விழுந்த அடியைத்தான் தனக்கு வந்த முதல் விமர்சனம் என்று பிற்காலத்தில் ஒரு பேட்டியில் சொன்னார் சேனாபதி.

பத்தொன்பது வயதில் பாரிஸ். தபால் பிரிக்கும் வேலை. சாயங்காலமானால் ஒரு காபிக் கடையின் பின்கட்டில், கவிதை படிப்பவர்களும் கிதார் வாசிப்பவர்களும் ஏறும் சின்ன மேடையில் இவரும் ஏறுவார். கையும் காலும் முகமும் சேர்ந்து பேசும் ஆள், சினிமாவிலும் கூப்பிட்டார்கள். ஆனால் கொடுத்த வேஷம்? டாக்ஸி ஓட்டுபவர், ஓட்டல் சமையல்காரர், தரை பெருக்குபவர். ஒரு படத்தில் பிணமாக நடித்தார். அதில்தான் அவருக்கு க்ளோசப் கிடைத்தது.

தரை பெருக்கும் வேஷத்தில்தான் அவருடைய பிழைப்புக்கு வழி பிறந்தது. கதாநாயகி அழுகிற காட்சி. பின்னால் இவர் பெருக்கிக்கொண்டே போகவேண்டும். "கேமராவைப் பற்றிக் கவலைப்படாதே, உன்னை யாரும் பார்க்கப்போவதில்லை" என்றார் இயக்குநர், ஆறுதலாகத்தான். சேனாபதிக்கு அது சுருக்கென்று தைத்தது. அடுத்த வாரம் அதையே மேடைக்குக் கொண்டுபோனார். பார்வையாளர்கள் பேசிக்கொண்டு காத்திருப்பார்கள். ஓரத்திலிருந்து ஒரு கறுத்த மனிதன் துடைப்பத்தோடு வந்து மேடையைப் பெருக்க ஆரம்பிப்பான். ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். அவன் பாட்டுக்குப் பெருக்கிப் பெருக்கி மைக் வரைக்கும் வந்துசேர்ந்து, தொண்டையைக் கனைத்துவிட்டுச் சொல்வான்: "மன்னிக்கணும். காமெடியன் இன்னைக்கு வரல. அவன் வெள்ளைக்காரன், ஸ்ட்ரைக்ல இருக்கான். அவன் வேலையையும் நானே பார்க்கணுமாம்."

அந்தத் துடைப்பம் அவரைப் பெரிய தியேட்டர்கள் வரை கூட்டிக்கொண்டு போனது. பேர் தெரிந்தது. டெலிவிஷனில் கூப்பிட்டார்கள். நேரலை நிகழ்ச்சியில், தன் ஜோக்குக்குள், ஒரு மந்திரியையும் ஒரு பிஷப்பையும் ஒரே பாவமன்னிப்புக் கூண்டுக்குள் அடைத்து, யார் யாருக்கு மன்னிப்புக் கொடுப்பது என்று இருவரையும் சண்டை போடவைத்தார். அதற்குப் பிறகு டெலிவிஷனில் கூப்பிடவில்லை. நம்மவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பெண் பெரியவளான விழாவுக்குக் குதிரை வண்டி வைத்து ஊர்வலம் விட்டதைக் கிண்டலடித்ததற்காக ஒரு நகைக்கடைக்காரர் கடைசிவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மூன்றாவது வரிசையில் தவமணிதேவி இருந்தாள்.

யாழ்ப்பாணத்துப் பெண். கலவரத்துக்குப் பின் உயிர்தப்பி வந்து, பாரிஸில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை செய்தவள். கல்யாணமான புதிதில் அவளுக்கு பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஜோக்கையும் சேனாபதி முதலில் அடுப்படியில் தமிழில் சொல்லிக் காட்டுவார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். சிரிப்பு வந்தால் அந்த ஜோக் தேறியது. வராவிட்டால் குப்பைக் கூடை. பிறகு தியேட்டரில் அதே ஜோக் பிரெஞ்சில் வரும்போது, வார்த்தை புரியாவிட்டாலும், அவருடைய புருவத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து முதல் ஆளாகச் சிரிப்பாள்.

"சனம் சிரிக்கப் பயப்பிடுவினம்" என்று அவள்தான் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தாள். "பக்கத்தில இருக்கிறவன் சிரிக்கிறானோ எண்டு பாத்துக்கொண்டு இருப்பினம். நான் துவங்கிறன். நீங்கள் ஒரு மூச்சு நில்லுங்கோ. மற்றவை வந்து சேருவினம்."

அப்படியே நடந்தது, ஒவ்வொரு முறையும். அவள் சிரிப்பு அடித்தொண்டையில் தொடங்கி மேலே ஏறி, கடைசியில் ஒரு விக்கலில் போய் முடியும். அந்த விக்கல் கேட்டதும் அவர் ஒரு மூச்சு நிற்பார். அரங்கம் மொத்தமும் பின்னால் வந்து சேரும்.

பக்கத்து நாற்காலியில் மகள் யாமினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள். அவள் ஒருநாளும் சிரித்ததில்லை. அப்பன் ஊரைத் திட்டிச் சம்பாதிப்பதில் பிள்ளைக்கு விருப்பமில்லை என்று சேனாபதி முடிவுகட்டிக்கொண்டார். அவள் நன்றாகப் படித்தாள், அமெரிக்கா போனாள், கோயம்புத்தூர்க்காரர் செழியனைக் கட்டிக்கொண்டாள், மன்ஹாட்டனில் ஒரு வங்கியில் பெரிய வேலையில் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் தவமணி போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து சில மாதங்களில் சேனாபதி ஒரு சின்ன தியேட்டரில் மேடையேறினார். துடைப்பத்தோடு வந்தார், மைக்கைப் பிடித்தார், முதல் வரியைச் சொன்னார், ஒரு மூச்சு நின்றார். மூன்றாவது வரிசையில் யாரோ இருமினார்கள். அத்தோடு அவருக்கு அடுத்த வரி மறந்துபோனது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்த வழியே இறங்கிவிட்டார். கேள்விப்பட்ட யாமினி அடுத்த விமானத்தில் வந்து, பாரிஸ் வீட்டைக் காலிசெய்து, அவரை எடிசனுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

எடிசன் வீட்டில் காலை எட்டு மணிக்கு மேல் மனிதவாடை கிடையாது. யாமினி ரயிலுக்கு, செழியன் ஆபீசுக்கு, பேத்தி ஓவியா ஸ்கூலுக்கு. சேனாபதிக்கு இங்கே கார் ஓட்டத் தெரியாது. பாரிஸில் படியிறங்கினால் மெட்ரோ. இங்கே படியிறங்கினால் புல்தரை, அதற்கப்புறம் இன்னொருவர் புல்தரை. வாய்விட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னால்கூடக் கேட்க ஆளில்லை. அவருடைய ஏக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தடவை ஒரு கூட்டம் தன்னைப் பார்த்துச் சிரிக்கவேண்டும், அவ்வளவுதான். தன்னிடம் அது இன்னும் மிச்சமிருக்கிறதா, தவமணியோடு சேர்ந்து போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ் மன்றத்துத் தலைவர் கஸ்தூரிரங்கன் வீட்டுக்கு வந்தார்.

"அங்கிள், பொங்கல் விழால நீங்க ஒரு ஃபிஃப்டீன் மினிட்ஸ் ஸ்டாண்ட்-அப் பண்றீங்க. ஃபேமிலி ஆடியன்ஸ், கொஞ்சம் பார்த்து பண்ணுங்க."

"பொங்கல்தான் முடிஞ்சு போச்சேப்பா. ஃபிப்ரவரி வந்தாச்சே."

"ஸ்கூல் ஆடிட்டோரியம் இப்பதான் கிடைச்சுது அங்கிள்."

அவர் போனதும் யாமினி அப்பாவுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். செழியனுடைய தமிழும் ஆபீஸ் இங்கிலீஷும் கலந்த பேச்சு இப்போது அவளுக்கு. "அப்பா, ப்ளீஸ். சாமி வேணாம். சாதி வேணாம். விசா, க்ரீன் கார்டு எதுவும் வேணாம், பாதிப் பேர் அந்த டென்ஷன்லதான் இருக்காங்க. ஸ்பான்ஸர் பத்தி மூச்சு விடாதீங்க. மாமியாரும் வேணாம், செழியன் அம்மா வராங்க."

"பொங்கலப் பத்திப் பேசலாமா?"

"பொங்கல் ஓகே."

"முந்திரி?"

யாமினி சிரிக்கவில்லை. எழுந்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சேனாபதி ஒரு வாரம் ஆளில்லாத அடுப்படியில் நின்று ஒத்திகை பார்த்தார். துடைப்பக் காட்சியைத் தமிழுக்கு மாற்றினார். ஒவ்வொரு ஜோக் முடிவிலும் ஒரு மூச்சு நின்றார். ஃப்ரிட்ஜ் மட்டும் உர்ரென்று பதில் சொன்னது.

விழா நாள். வெளியே குவித்துவைத்த பனி, உள்ளே பட்டுப்புடவையும் பாப்கார்ன் வாசனையும். ஓவியாவும் மற்றக் குழந்தைகளும் ஆடிய நடனம் முடிந்தது. சேனாபதியின் முறை. ஓரத்திலிருந்து, பழைய நீலச் சட்டையும் கையில் துடைப்பமுமாக மேடைக்கு வந்து பெருக்க ஆரம்பித்தார்.

பாரிஸில் ஒருவரும் கவனிக்காத அந்த மனிதனை எடிசனில் மொத்த அரங்கமும் கவனித்தது. அங்கே பெருக்குபவனை யாரும் பார்ப்பதில்லை. இங்கே ஒரு வயசான அங்கிள் பெருக்குவதை யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் நாலு வீச்சு வீசுவதற்குள் மன்றத்துத் தொண்டர் க்ரிஷ், முப்பது வயது வாட்டசாட்டமான ஆள், ஒரே பாய்ச்சலில் மேடையேறிவிட்டார்.

"ஐயோ, அங்கிள், நீங்க ஏன்? குடுங்க, குடுங்க!"

"விடுப்பா, இது என் ஐட்டம்" என்றார் சேனாபதி பல்லைக் கடித்துக்கொண்டு.

"பரவால்ல அங்கிள், எங்க மிஸ்டேக். யாருப்பா அங்க, அங்கிள் கையில துடைப்பத்தக் குடுத்தது?"

துடைப்பம் கைமாறியது. க்ரிஷ் மேடை முழுவதையும் சுத்தமாகப் பெருக்கியே முடித்துவிட்டார், நல்ல பிள்ளை. இன்னொருவர் நாற்காலி கொண்டுவந்தார். கஸ்தூரிரங்கன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். சேனாபதியின் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்திய காட்சி, மரியாதையாலேயே அடித்துக் கொல்லப்பட்டு, அவர் கண்முன்னால் ஓரமாக எடுத்துச் செல்லப்பட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் முதல் வரியைச் சொன்னார். "மன்னிக்கணும், காமெடியன் இன்னைக்கு வரல..." முன்வரிசையில் ஓர் அம்மா, "ஐயோ, வரலையாம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் வருத்தப்பட்டார். அதற்குள் ஆடி முடித்த குழந்தைகளின் பெற்றோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு வரிசைக்குக் கிளம்பினார்கள். தன் பிள்ளையின் ஆட்டம் முடிந்தால் விழாவே முடிந்த மாதிரி. இது எல்லா மன்றத்திலும் உள்ள வழக்கம். மிச்சமிருந்தவர்கள் கையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்கள். வீடியோ எடுப்பவன் சிரிக்க மாட்டான், தன் குரல் பதிவாகிவிடும்.

"பொங்கல்ங்கிறது சூரியனுக்கு நன்றி சொல்ற விழா" என்றார் சேனாபதி. "சூரியன் என்னைக்கு வந்தாலும் பரவால்ல, நமக்கு ஹால் என்னைக்குக் கிடைக்குதோ அன்னைக்குத்தான் நன்றி சொல்வோம்." ஒரு மூச்சு நின்றார். எங்கோ ஒரு குழந்தை அழுதது. "வெளிய பார்த்தா மூணடி பனி. சூரியன் நம்ம நன்றிய ஏத்துக்கல போலிருக்கு." இன்னொரு மூச்சு. சாம்பார் வாளியின் மூடி திறக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நல்ல ஜோக்குகள்தான். தவமணி இருந்திருந்தால் இரண்டும் தேறியிருக்கும். யாமினி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். போனை நீட்டிப் பிடித்திருந்தாள். முகம் இருட்டில் தெரியவில்லை.

பதினைந்து நிமிஷத்தை அவர் எட்டிலேயே முடித்துக்கொண்டார். கஸ்தூரிரங்கன் ஓடிவந்து, "வெரி இன்ஸ்பைரிங், இந்த வயசுல" என்று மைக்கில் சொல்லி ஒரு பொன்னாடையைப் போர்த்தினார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாரிஸில் சேனாபதியின் மேல் ஒருமுறை தக்காளி விழுந்திருக்கிறது. அது இவ்வளவு வலிக்கவில்லை.

காரில் திரும்பும்போது ஓவியா பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவர் தோளைத் தட்டினாள். "இட்ஸ் ஓகே, தாத்தா." யாமினி சாலையைவிட்டுக் கண்ணெடுக்காமல் ஓட்டினாள். சேனாபதிக்கு விடை கிடைத்துவிட்டது. தவமணியோடு எல்லாம் போய்விட்டது.

திங்கட்கிழமை வீடு காலியானதும், குடும்பக் குழுவில் யாமினி அனுப்பிவைத்திருந்த வீடியோவைத் திறந்தார். புண்ணைச் சொறியாமல் இருக்க அவருக்கு எப்போதுமே தெரியாது. ஓவியாவின் நடனம் ஓடியது. படம் ஆடாமல் அசையாமல் இருந்தது. யாமினிக்கு உறுதியான கை. பிறகு அவர் வந்தார், துடைப்பம் போனது, நாற்காலி வந்தது. முதல் வரியைச் சொன்னார்.

படம் குலுங்கியது.

சேனாபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். சூரியன் ஜோக் வந்தது. சரியாக அந்த மூச்சு நிற்கும் இடத்தில் படம் மறுபடி குலுங்கியது. பனி ஜோக்குக்கு இன்னும் அதிகமாகக் குலுங்கி, மேடை சரிந்து, கூரை விளக்கெல்லாம் தெரிந்தது. அவர் பேசும்போது படம் நிலையாக நிற்கும். நிறுத்தினால் ஆடும். தவமணி சிரித்திருக்கக்கூடிய இடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டால் வருமே, அந்த மாதிரி அடைத்த சத்தம்.

சிரித்திருக்கிறாள்! நாலு பேருக்கு முன்னால் சிரிக்க வெட்கப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள் கழுதை!

அன்று முழுவதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. தோசைக்கல்லைப் பார்த்து ஒரு ஜோக் சொன்னார். மாலையானதும் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஸ்டேஷனுக்கு நடந்தே கிளம்பினார். யாமினி காரை அங்கேதான் நிறுத்திவிட்டு ரயிலேறுவாள். வழியில் நடைபாதை கிடையாது, பனி ஓரத்தில் கால் புதைந்தது. ஒரு கார் நின்றது. "அங்கிள், எங்க போகணும்? ஏறுங்க." கையாட்டி அனுப்பினார். இன்னொரு காரும் நின்றது. அதையும் அனுப்பினார். விறைத்த காலோடு யாமினியின் காருக்குப் பக்கத்தில் போய் நின்றபோது ரயில் வந்தது.

"அப்பா! இங்க என்ன பண்றீங்க? யாருக்காவது உடம்பு சரியில்லையா?" யாமினி ஓடிவந்து அவரைக் காருக்குள் தள்ளி ஹீட்டரைப் போட்டாள்.

"வீடியோ பார்த்தேன்" என்றார் சேனாபதி. முகமெல்லாம் பல். "எங்கிட்டயே மறைக்கிறியா? கேமரா என்ன ஆட்டம் ஆடுது! சொல்லு, எந்த ஜோக்குக்கு ரொம்ப சிரிச்ச? பனி ஜோக்குக்குத்தானே?"

யாமினி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்தபோது வந்தது ஆபீஸ் பேச்சில்லை, செழியனுடைய தமிழும் இல்லை. அவளுடைய அம்மாவின் தமிழ் வந்தது. இத்தனை வருஷமாக அது எங்கே இருந்ததோ.

"நான் சிரிக்கேல்லை, அப்பா. அழுதனான்."

சேனாபதியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"அம்மா எங்கெங்க சிரிப்பா எண்டு எனக்குப் பாடம். சின்னனில பக்கத்திலயே இருந்து கேட்டனான். நான் சிரிச்சா அம்மாவின்ர சத்தத்தைக் குழப்பிப்போடும் எண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பன். முந்தநாளும் அப்பிடியேதான் இருந்திட்டன். நீங்கள் ஒவ்வொரு இடமும் நிண்டு நிண்டு பாத்தியள். அம்மாவும் இல்லை. ஒருத்தரும் சிரிக்கேல்லை. நானும் சிரிக்கேல்லை." மூக்கை உறிஞ்சினாள். "துவங்கியிருக்கலாம். எனக்கு ஏலாமப் போச்சு."

கார் கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது. ரயிலில் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காரை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். இத்தனை காலம் தன்னைப் பிடிக்காமல்தான் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தோமே என்று சேனாபதிக்கு உறைத்தது. இப்படிப்பட்ட நேரத்தில் அவருக்குக் கைவந்தது ஒன்றுதான்.

"என் ஷோவுக்கு வந்து டிக்கெட் காச திருப்பிக் கேட்டவன் உண்டு" என்றார் மெதுவாக. "தக்காளி அடிச்சவன் உண்டு. கோர்ட்டுக்குப் போறேன்னு மிரட்டின பிஷப் உண்டு. உக்காந்து அழுதவ நீ ஒருத்திதாண்டி. அதுவும் ஓசி டிக்கெட்ல வந்துட்டு!"

யாமினி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. அடித்தொண்டையில் ஏதோ தொடங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது மேலே ஏறி, கார் முழுக்க நிறைந்து, கடைசியில் ஒரு விக்கலில் போய் முடிந்தது.

விக்கல் கேட்டதும் சேனாபதி, பழக்கதோஷம், ஒரு மூச்சு நின்றார். மற்றவர்கள் வந்து சேருவதற்காகக் காத்திருந்தார். ஸ்டேஷன் வாசலில் அவர்களுடையது ஒன்றைத் தவிர வேறு காரில்லை.